மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு: சாமி குத்தமா, குடியா?

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 36 வயதுப் பெண் ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரிகிற விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கி இங்கே தருகிறேன்.

கணவருக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் சம்பள நாளில் மட்டும் ஒரு கட்டிங், அதாவது அரைக் குவார்ட்டர். அது குவார்ட்டராகி, இப்போது நாலைந்து வருடமாகத் தினமும் ராத்திரி ஆஃப் பாட்டில். ஒரு வருடமாகக் காலையிலும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கிறது, பிரஷ்ஷையே பிடிக்க முடிகிறது. இரண்டு வருடம் முன்பு சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினார். இரண்டு நாள் நடுக்கம், வியர்வை, அவ்வளவுதான். மலைக்குப் போய் வந்த மறுநாள் திரும்பவும் தொடங்கினார். போன கார்த்திகையில் மறுபடி மாலை. முதல் நாள் சாயங்காலமே உடம்பு உதறல். இரண்டாம் நாள் பஜனையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. மாமியார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சட்டையிலிருந்து எறும்பைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டாராம், சட்டையில் எறும்பே இல்லை. செத்துப்போன அப்பாவோடு டீசல் கணக்கு பேசினாராம். "விரதத்தில் தீட்டு பட்டுவிட்டது" என்றார்கள் சொந்தபந்தம். ஐந்தாம் நாள் மச்சினர் ஒருவர் மாலையைக் கழற்றவைத்து ஒரு கட்டிங் வாங்கிக் கொடுக்க, ஒரு மணி நேரத்தில் ஆள் அடங்கித் தூங்கிவிட்டார்.

அவர் கேட்பது இவை: இது சாமி குத்தமா, பைத்தியமா, இல்லை குடிதான் அவருக்கு மருந்தா? குடித்துவிட்டு அடிக்கிறார், காலையில் "நான் அப்படிச் செய்யவே இல்லை" என்கிறார், நடிக்கிறாரா? கொஞ்ச நாளாக என் மேல் சந்தேகப்படுகிறார், அதுவும் குடியாலா? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பவுடர் ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன், கலக்கலாமா? அல்லது அண்ணன் தோட்டத்துச் சாளை வீட்டில் பத்து நாள் பூட்டி வைத்து நிறுத்திவிடலாமா?

சகோதரி, கடைசி இரண்டு கேள்விக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவுடரைக் கலக்காதீர்கள். சாளையில் பூட்டாதீர்கள். உங்கள் கணவர் குடியை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் அவர் நிலையில் இருக்கிற ஒருவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. குடிப்பதை விட நிறுத்துவதா ஆபத்து என்று உங்களுக்குக் கோபம்கூட வரலாம். அந்த மூன்று நாளில் அவர் மூளைக்குள் என்ன நடந்தது என்று சொன்னால் புரியும்.

அந்த மூன்று நாட்கள்

மூளை நரம்புகள் ஒன்றோடொன்று ரசாயனங்கள் மூலம்தான் பேசிக்கொள்கின்றன. அதில் காபா என்று ஒன்று, நரம்பை அடக்கி வைப்பது. குளூட்டமேட் என்று இன்னொன்று, தூண்டி விடுவது. சாராயம் உள்ளே போனதும் காபாவின் வேலையைக் கூட்டுகிறது, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் முதல் கட்டிங்கில் படபடப்பு அடங்குகிறது, அப்புறம் நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. தினமும் இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. வேலை நடக்க வேண்டுமே, அதனால் அடக்கும் பக்கத்தைத் தளர்த்தி, தூண்டும் பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. முன்பு குவார்ட்டரில் ஏறியது இப்போது ஆஃப் அடித்தும் ஏறவில்லை என்று அவர் சொல்கிறாரே, அதன் அர்த்தம் இதுதான். "ஸ்டெடியான ஆளு, எவ்வளவு போட்டாலும் அசைய மாட்டான்" என்று நம் ஊரில் இதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். அது நோய் முற்றியதற்கான அடையாளம்.

உங்கள் கணவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் அமுக்கி ஓட்டுகிற வண்டி. ஏதோ ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மாலை போட்ட அன்று பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டார். ஆக்சிலேட்டர் அழுத்தியபடியே இருந்தது.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கடுத்த ஒன்றிரண்டு நாளில், அதாவது 48லிருந்து 96 மணி நேரத்துக்குள், இல்லாத பூச்சி தெரிவது, இல்லாத ஆளோடு பேசுவது, இடம் காலம் புரியாமல் குழம்புவது, காய்ச்சல், இதயம் தறிகெட்டு ஓடுவது எல்லாம் வரலாம். இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். நீங்கள் எழுதியிருக்கிற நாள் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. தீட்டு நேரம் பார்த்து வராது, இது நேரம் தவறாமல் வருகிறது. பைத்தியமும் இல்லை, சரியான சிகிச்சையில் சில நாளில் தெளிந்துவிடக்கூடிய மூளைக் குழப்பம். ஆனால் லேசானதல்ல. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று மருத்துவமனையில் வைத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. அன்றைக்கு உங்கள் கணவர் தப்பித்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இரண்டு வருடம் முன்பு நடுக்கத்தோடு போனது இந்த முறை வலிப்பில் முடிந்ததே, அதையும் கவனியுங்கள். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் மூளையின் எதிர்வினை முன்னதை விட முரட்டுத்தனமாக வரலாம். சாளையில் பூட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. இரண்டாம் நாள் ராத்திரி அந்தப் பூட்டின சாளைக்குள் என்ன நடக்கும், யார் இருப்பார்கள்?

மாலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. மாலை போட்டு அதோடு குடியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், விரதமும் குருசாமியின் கண்ணும் பெரிய துணை. ஆனால் காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிற ஆள், முதலில் ஆஸ்பத்திரியில் குடியை இறக்கிவிட்டு, அப்புறம் மாலை போடட்டும்.

அப்படியானால் அந்த ஐந்தாம் நாள் கட்டிங் எப்படி வேலை செய்தது? தூக்கிய பிரேக்கை மறுபடி அமுக்கினார், அவ்வளவுதான். அதே இடத்தில் வேலை செய்கிற மாத்திரைகள் மருத்துவர்களான எங்களிடம் இருக்கின்றன. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நடுக்கம் பார்த்துப் போதுமான அளவு கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம். இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இவற்றின் மேல் அவர் குடித்தும் விட்டால் மூச்சே அடங்கிப்போகலாம்.

குளுக்கோஸ் பாட்டில் பற்றி

இது சின்ன விஷயமாகத் தெரியும், சின்னது இல்லை. நாள்பட்டுக் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் தயமின் என்கிற பி1 வைட்டமின் குடலில் சரியாக ஏறுவதில்லை. மூளை சர்க்கரையை எரிக்க அந்தத் தயமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கிற தயமினும் தீர்ந்துபோகும். கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, குடிக்காமலே தள்ளாடுவது, குழப்பம் என்று ஒரு நிலை வரும். வெர்னிக்கே என்பவர் 1881லேயே விவரித்தது. உடனே கவனிக்காவிட்டால் அது நிரந்தர ஞாபக மறதியில் கொண்டுபோய் விடும், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட மதியம் நினைவிருக்காது. அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லுங்கள்: "தினமும் குடிக்கிறவர், நிறுத்தி இத்தனை மணி நேரம் ஆகிறது." அதைக் கேட்டால் தயமின் ஊசி முதலில் போடுவார்கள். அன்றைக்கு கிளினிக்கில் வெட்கப்பட்டுக்கொண்டு "விரதத்தில் சாப்பிடாமல் மயங்கிவிட்டார்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவர்களும் அதை வைத்துத்தான் வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை, பாவம், வெட்டுகிற கையில் அது குத்திக் காயம்தான் ஆகும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

"நான் அப்படிச் செய்யவே இல்லை"

அவர் நடிக்காமலும் இருக்கலாம். ரத்தத்தில் சாராயம் வேகமாக ஏறும்போது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி புதிய நினைவுகளைப் பதிவது நின்றுபோகிறது. ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், வண்டியைக்கூட ஓட்டிக்கொண்டு வருவார். ஆனால் எதுவும் பதிந்திருக்காது. மயக்கம் வேறு, இது வேறு. காலையில் நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அவருக்கு நினைவு வரப்போவதில்லை, பதியாததை எங்கிருந்து எடுப்பது?

அதே நேரத்தில் முன்மூளையும் தளர்கிறது. "இதைச் சொன்னால் என்ன ஆகும், கையை ஓங்கினால் என்ன ஆகும்" என்று நிறுத்தி யோசிக்க வைக்கிற இடம் அது. குடித்தவன் உண்மையைத்தான் பேசுவான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு, நீங்களும் "அப்படியானால் மனசுக்குள் என்னை அப்படித்தான் நினைக்கிறாரா" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிமிடம் கண் முன்னால் இருக்கிற எரிச்சல் மட்டும் பெரிதாகத் தெரிந்து மற்றதெல்லாம் மறைந்துபோன ஒரு மூளை பேசுகிற பேச்சு அது. ராத்திரி அவரோடு நியாயம் பேசாதீர்கள். பேச வேண்டியதை, நடுக்கம் அடங்கி ஓரளவு தெளிவாக இருக்கிற பகல் நேரத்தில் பேசுங்கள்.

இதையெல்லாம் விளக்குவதால் அடித்ததை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நினைவில்லை என்பதால் அடி இல்லையென்று ஆகிவிடாது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, விவாகரத்து கேட்காமலே நீங்கள் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும், மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் வீட்டில் தொடர்ந்து இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசினால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள்.

சந்தேகம் பற்றி நாலே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், கடிதம் முழுவதிலும் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த நாலு வரிதான். நாள்பட்ட குடியில் மனைவி மேல் ஆதாரமில்லாத சந்தேகம் வருவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த ஒன்று. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, வேலைக்குப் போகும் வழியில் பின்னால் வருவது வரைக்கும் போயிருக்கிறது. சத்தியம் செய்தோ ஆதாரம் காட்டியோ இதைத் தீர்க்க முடியாது. குடி நின்று சில வாரத்துக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும். கத்தியைக் காட்டினாலோ கொன்றுவிடுவேன் என்றாலோ, அன்றைக்கே பையனைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பவுடர்

விளம்பரத்தில் வருகிற இந்த மாதிரிப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று அட்டையில் இருக்காது. டைசல்ஃபிராம் என்ற மருந்தைப் பொடித்துப் போட்டிருந்தால் இப்படி நடக்கும். சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு உடைந்து வெளியேறுகிறது. அந்த இரண்டாவது படியை டைசல்ஃபிராம் தடுத்துவிடும். குடித்த சில நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயமோ கல்லீரலோ பலவீனமாக இருந்தால் சாவு வரைக்கும் போகலாம். மருந்தை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் அதன் வேலை இருக்கும்.

1940களின் கடைசியில் டென்மார்க்கில் தொடங்கி இன்றுவரை பயன்படுகிற நல்ல மருந்துதான் அது. ஆனால் சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, கல்லீரல், இதயப் பரிசோதனை முடித்துச் சாப்பிட வேண்டியது. மனைவி கையால் காலையில் கொடுக்கச் சொல்வோம், அது வேறு. உங்கள் கணவருக்கு வலிப்பு வந்திருக்கிறது, காலையில் வேன் ஓட்டுகிறார், உங்கள் மேல் சந்தேகம் வேறு. சாம்பாரில் ஏதோ கலந்தது ஒருநாள் தெரியவந்தால் "விஷம் வைக்கிறாள்" என்று அவர் சொல்வதை ஊரே நம்பும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேள்வியும் உங்களிடம்தான் வரும். பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

காலையில் தெளிந்துதான் ஓட்டுகிறாரா?

"ராத்திரி குடிப்பார், ஆனால் காலையில் தெளிந்துதான் வண்டி எடுப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கடைகளில் விற்கிற பிராந்தி, ரம்மில் 42.8 சதவீதம் சாராயம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம், ஆஃப் என்றால் 120 கிராம். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 10 கிராம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகமாகாது. ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கினால் காலை ஆறு மணிக்கும் 20 கிராம் போல மிச்சம் இருக்கும், அதன் மேல் காலைக் கட்டிங் இன்னொரு 30 கிராம். மோட்டார் வாகனச் சட்டத்தில் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அவர் அதைத் தாண்டித்தான் ஓட்டுகிறார், பின்னால் உட்கார்ந்திருப்பது பனியன் கம்பெனிப் பெண்பிள்ளைகள். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

குடியை விட்டாலும், வலிப்பு வந்த ஒருவர் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வண்டி தொடக்கூடாது. வருமானம் என்ன ஆகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. கம்பெனியில் கொஞ்ச நாள் பேக்கிங்கோ லோடிங்கோ கேட்டுப் பார்க்கலாம். நோய் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் முதலாளிக்குப் போன் போட மாட்டார்கள்.

எங்கே கூட்டிப்போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். காசு செலவில்லை. வலிப்பு வந்த கதையைச் சொன்னாலே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். போகிற நாள்வரை அவரைக் குடிக்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அதுதான் பாதுகாப்பு. வண்டி மட்டும் எடுக்க வேண்டாம்.

தனியார் மையங்களில் நல்லதும் உண்டு. ஆனால் ராத்திரி நாலு பேர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று மாதம் யாரையும் பார்க்கவிடாத இடங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் உண்மையிலேயே வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதே 2017 சட்டப்படி சங்கிலியில் கட்டுவது குற்றம். அவர் சம்மதிக்காவிட்டாலும், தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருந்தால், உரிய விண்ணப்பத்தின் பேரில் இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து 30 நாள் வரை சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை மருத்துவமனையே செய்யும், நீங்கள் ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நாள் முடிந்ததும் குடி போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஏமாற்றம் அங்கேதான் வரும். நடுக்கம் போனாலும் ஆசை போகாது. சாராயக் கடை வாசலைப் பார்த்தாலே, சாயங்காலம் ஏழு மணி ஆனாலே, மூளையில் ஆசையைத் தூண்டுகிற டோபமைன் பாதை துடிக்கும். நால்ட்ரெக்சோன் அந்த ஆசையின் இனிப்பைக் குறைக்கும். அகாம்ப்ரோசேட் குழம்பிக் கிடக்கும் சமநிலையை மெல்ல நிலைக்குக் கொண்டுவரும். எது அவருக்குப் பொருந்தும் என்பதைக் கல்லீரல் ரிப்போர்ட் பார்த்து மருத்துவர் சொல்வார். முதல் மூன்று மாதம் ரொம்ப வழுக்கல். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் நடந்தால் அதற்கும் போகட்டும், தன்னைப் போன்றவன் பேசுவதைக் கேட்டு மாறியவர்கள் நிறைய.

அப்பா பாட்டிலை ஒளித்து வைக்கிற பதினைந்து வயதுப் பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது, அவனிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டிலை ஒளிக்கும் வேலையிலிருந்து அவனை விடுவித்துவிடுங்கள், அது பிள்ளை செய்கிற வேலை இல்லை.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். ஓ.பி. சீட்டை உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளலாம். தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் பார்க்க வேண்டிய விஷயம்தான். போவதற்கு முன்னால் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக நிறுத்தியபோது எத்தனையாவது நாள் என்ன ஆனது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே முதலில் கேட்கப்போவது இதைத்தான்.